இரண்டாம் நாய்: கடுவனோ, பெட்டையோ?

யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு நாய்க்குட்டி வந்து சேரும் முறை பெரும்பாலும் ஒன்றே. அயல் வீட்டுப் பெட்டை ஈன்றிருக்கும். கண் திறந்து, பால் மறந்து, ஓடித் திரியத் தொடங்கிய குட்டிகளை ஒரு கடகத்திலோ காகிதப் பெட்டியிலோ இட்டுப் பிள்ளைகள் படலை படலையாகக் கொண்டு செல்வர். படலையைத் திறக்குமுன் உள்ளிருந்து எழும் வினாவும் ஒன்றே: “கடுவனோ, பெட்டையோ?” கடுவன் என்றால் படலை திறக்கும். பெட்டை என்றால், “எங்களுக்கு வேண்டாம் தம்பி, அடுத்த வீட்டிலே கேட்டுப் பாருங்கோ” என்ற மறுமொழி வரும்.

வினாவிற் பிழையில்லை. ஆயின் அதற்குரிய விடை ஒவ்வொரு வீட்டிற்கும் ஒன்றாயிருத்தல் கூடுமா என்பதே இங்கு ஆராயற்பாலது. நாயில்லாத வீட்டுக்கு வரும் குட்டியின் நிலை வேறு. ஏற்கெனவே ஒரு நாயோ இரண்டோ மூன்றோ உள்ள வளவுக்குள் வரும் குட்டியின் நிலை வேறு. முன்னதில் வீட்டார் விருப்பமே பெரிதும் முடிவு செய்வது. பின்னதில் விறாந்தைப் படியிலே முன்னரே படுத்திருப்பவரின் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும். அவரோ வாய் திறந்து சொல்லார். பல்லைக் காட்டியே சொல்வார்.

சொற்களை முதலில் நோக்குவோம். விலங்குகளின் ஆண், பெண், இளமை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வகுத்த தொல்காப்பிய மரபியல், நாயின் இளமைக்குக் குருளை என்றும், பெண்மைக்குப் பிணவு என்றும் பாட்டி என்றும் பெயர் கூறும். பன்றிக்கும் நாய்க்கும் பாட்டி என்னும் பெயர் உரியது என்பதைத் தமிழ் வகுப்பிலே முதன்முதற் கேட்ட மாணவர் எவரும் சிரியாதிருந்திரார். இன்று நம் பேச்சில் வழங்குவன கடுவன், பெட்டை என்னும் இரண்டே. இக்கட்டுரையும் அவ்வழக்கையே கொள்ளும்.

பெட்டை வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்பின், “குட்டி போடும்” என்பர். இது மெய்யான காரணமே. பெட்டை நாய் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் முதன்முறை பருவமடைகிறது. பேரினங்களில் இது இன்னும் பிந்தலாம். பின்னர் ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும். ஒவ்வொரு பருவமும் மூன்று வாரமளவு நீடிக்கும். முதல் ஒன்பது நாளளவு இரத்தக் கசிவும் வீக்கமும் காணப்படும். அப்போது கடுவன்கள் சூழ்ந்து வந்தாலும் பெட்டை இடங்கொடாது. கசிவு வெளிறி நீர்த்த பின் வரும் ஒன்பது நாளளவே அது இணங்கும் காலம். இரத்தம் நின்றுவிட்டது, ஆபத்துக் கழிந்தது என்று எண்ணிப் பலர் கட்டை அவிழ்த்து விடுவது சரியாக இந்த நாட்களிலேதான்! கருக்காலம் 63 நாள் அளவு. ஈற்றொன்றுக்கு ஐந்தாறு குட்டிகள் பிறப்பது நாம் சாதாரணமாகக் காண்பது.

இக்குட்டிகள் எங்கே போகின்றன? கடுவன்கள் கேட்பாரிடம் போகின்றன. எஞ்சிய பெட்டைகள் சந்தைப் புறத்திலும், கோயில் வீதியிலும், சுடலைக்குப் போகும் ஒழுங்கையிலும் இரவோடிரவாக விடப்படுகின்றன. அவற்றுட் பல பசியாலும் வாகனங்களாலும் மடிகின்றன. தப்பிப் பிழைத்தவை அடுத்த ஆண்டிலே தாமும் ஈனுகின்றன. வீதி நாய்கள் பெருகிவிட்டன என்று முறையிடும் நாமே அவற்றின் தாயரை வீதிக்கு அனுப்பியவர்கள் என்பது சிந்திக்கத் தக்கது. கடுவனையே எல்லோரும் விரும்பும் ஊரிலும் கடுவன் பிறப்பதற்குப் பெட்டை ஒன்று எங்கேனும் ஈன்றாக வேண்டும். பாரத்தைச் சுமப்பவரை மாற்றினோமேயன்றிப் பாரத்தைக் குறைத்தோமல்லேம். அன்றியும், நம் வீட்டுக் கடுவன் வேலிப் பொட்டால் நுழைந்து நான்கு ஒழுங்கை கடந்து சென்று பிறப்பித்த குட்டிகள் நம் கண்ணிற் படுவதில்லை. அதனால் அவை நம் கணக்கிலும் வருவதில்லை.

கடுவனே காவலுக்கு ஏற்றது என்பது அடுத்த காரணம். இதனை ஆராய்ந்தோர் உளர். அமெரிக்காவில் பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் என்னும் இருவர், மிருக வைத்தியரும் நாய்ப் போட்டி நடுவருமாக 96 பேரிடம் 56 இனங்களின் குணங்களைப் பற்றி வினாவி, முடிவுகளை 1985 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிற நாய்களுடன் சண்டையிடல், தன் எல்லையைக் காத்தல், எசமானை மீற முயலுதல் ஆகியவற்றிற் கடுவன் மிக்கதென்றும், சொற்கேட்டுப் பழகுதலிலும் வீட்டினுள் மலசலங் கழியாது பழகுதலிலும் பெட்டை மிக்கதென்றும் அவர்கள் பெற்ற விடைகள் காட்டின. அந்நியர் வரவு கண்டு குரைப்பதில் இருபாலுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. நம் வீடுகளில் நாயிடம் நாம் வேண்டுவது படலையடியிற் குரைத்து அறிவிக்கும் அந்த ஒரு பணியே. கள்ளனைக் கவ்விப் பிடித்து விதானையாரிடம் ஒப்படைப்பதையன்று. ஆகவே காவல் என்னும் காரணம் பெரிதும் வலுவிழக்கிறது. இவை யாவும் சராசரிக் கணக்கு என்பதையும் மறத்தலாகாது. அஞ்சிய கடுவனும் உண்டு. ஆளைக் கிட்ட விடாத பெட்டையும் உண்டு.

இனி, உள்ள நாய்க்கும் வரும் நாய்க்கும் இடையிலான பொருத்தம். இதுவே இக்கட்டுரையின் நடுப்பொருள்.

ஒரே வீட்டில் வாழும் நாய்கள் தம்முள் சண்டையிட்டு, வீட்டார் வைத்தியரை நாடிய 38 சோடிகளைப் பற்றிய ஆய்வொன்று அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் இதழில் 2011 இல் வெளிவந்தது. அவற்றுள் 30 சோடிகள் ஒரே பாலின. அதாவது நூற்றுக்கு 79. ஒன்றேனும் இரண்டுமேனும் பெட்டையாயிருந்த சோடிகள் 26; நூற்றுக்கு 68. சண்டையைத் தொடங்கியது எது என்று நோக்கின், 100 இல் 70 வீட்டிற் புதிதாக வந்த நாய். 100 இல் 74 இரண்டில் இளைய நாய். சண்டைக்கு மூலமாயிருந்தவை வீட்டார் காட்டும் அன்பு, ஆரவாரம், உணவு, தரையிற் கண்டெடுத்த பொருள் என்பன.

இவ்வெண்களை எவ்வாறு வாசிப்பது என்பதை மாணவர் கவனித்தல் நன்று. வைத்தியரிடம் சென்ற சோடிகள் மட்டுமே இங்கு எண்ணப்பட்டன. சண்டையின்றி வாழும் வீடுகள் எண்ணப்படவில்லை. ஆதலால் “ஒரே பாலான நாய்களுள் நூற்றுக்கு 79 சண்டையிடும்” என்று இதனை வாசிப்பது பெரும் பிழை. சண்டை நிகழ்ந்த இடங்களில் ஒரே பாலினச் சோடிகள் மிகுந்திருந்தன என்பதே பெறப்படும் பொருள். ஒரு நாட்டு வீடுகளிற் பெரும்பாலானவை ஒரே பாலின நாய்களையே வளர்க்குமாயின் இவ்வெண் வியப்புக்குரியதாகாது. நாய்களைத் தற்செயலாகச் சேர்க்கும் வீடுகளில் பாதியளவே ஒரே பாலினச் சோடியாயிருக்கும் என எதிர்பார்க்கலாம். 79 என்பது அதனினும் மிக அதிகம். இதற்கு முன், 1996 இல், கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் 99 நாய்ச் சண்டை நோயாளர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும், வீட்டுக்குள் நிகழும் சண்டைகளிற் பெட்டைகளின் பங்கை எடுத்துக் காட்டியது. இரண்டும் ஒரே திசையைச் சுட்டுவதால் இம்முடிவை ஓரளவு நம்பலாம்.

பழைய நாயே புதிய குட்டியை வருத்தும் என்பது பொதுநம்பிக்கை. குட்டி வந்த முதல் மாதத்துக்கு அது மெய்யாகலாம். பழையது உறுமும், குட்டி மல்லாந்து கிடக்கும், வீட்டார் குட்டிக்கு இரங்குவர். ஆயின் குட்டி குட்டியாகவே இருப்பதில்லை. ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் அது மனத்தாலும் முதிர்ந்த நாயாகிறது. அக்காலத்திலேயே பழைய நாய் தளர்ச்சி அடையத் தொடங்குகிறது. வீட்டாரோ இரண்டாண்டாக அமைதி கண்டு, “இரண்டும் நல்ல ஒற்றுமை” என்று அயலாருக்குச் சொல்லிப் பழகிவிட்டிருப்பர். எதிர்பாராத ஒருநாள், அடுப்படியில் விழுந்த மீன் தலை ஒன்றினால் அந்த ஒற்றுமை குலையும். குட்டியின் பாலைத் தெரியும்போது இன்றைய குட்டியை மட்டும் நோக்காது, இரண்டாண்டின் பின்னர் நிற்கப்போகும் நாயையும் நோக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனாலேயே.

சண்டையின் தன்மையிலும் வேறுபாடு உண்டு என்பது நாய் வளர்ப்போரின் பொது அனுபவம். இரு கடுவன்கள் பொருதும்போது ஓசை பெரிது. உறுமல், மார்பு நிமிர்த்தல், மேற்கால் வைத்தல் என்று பெரும்பகுதி மிரட்டலிலே கழியும். ஒன்று விலகினால் மற்றது விட்டுவிடுவதும் உண்டு. இரு பெட்டைகளுக்கிடையிற் சண்டை மிக அரிதாகத் தொடங்கலாம். தொடங்கினால் எளிதில் ஓயாது, காயமும் ஆழமாகும், பல நாளின் பின்னரும் பகை நினைவிலிருக்கும். இதற்கு ஓநாய்க் கூட்டத்தை உவமை காட்டுவோர் பலர். ரூடோல்ப் ஷெங்கெல் என்பார் பாசல் நகர விலங்குச்சாலையில் அடைபட்ட ஓநாய்களை நோக்கி 1947 இல் எழுதியது, தலைமைக்காக ஓயாது போராடும் கூட்டம் என்னும் எண்ணத்துக்கு வித்திட்டது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்றும், அடைபட்ட அந்நியரின் போராட்டத்தை அதற்கு ஏற்றுதல் பொருந்தாதென்றும் டேவிட் மெக் 1999 இல் விளக்கினார். நம் வளவிலுள்ள நாய்கள் காட்டுக் குடும்பமுமல்ல. வெவ்வேறு தாய் வயிற்றிற் பிறந்து ஒரு வேலிக்குள் விடப்பட்டவை. ஆதலால் எசமான் “தலைமை ஓநாய்” ஆக வேண்டும் என்று நாயைப் புரட்டி அமுக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லை. அது நாயை அச்சத்தாற் கடிக்கச் செய்வதற்கே உதவும்.

வீடுகளை இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

கடுவன் ஒன்று உள்ள வீட்டுக்குப் பெட்டை வருவது குணப் பொருத்தத்தில் தலையாயது. பெட்டை உள்ள வீட்டுக்குக் கடுவன் வருவதும் அங்ஙனமே. எதிர்ப்பாலான நாயிடம் முதிர்ந்த நாய் காட்டும் பொறுமை பெரிது. ஆனால் இப்பொருத்தத்தைக் கொள்வோர் அதனுடன் ஒரு கடமையையும் சேர்த்துக் கொள்கின்றனர். தை மாதத்தில் இரண்டு மாதக் குட்டியாக வரும் பெட்டை வைகாசியில் ஆறு மாதத்தை எட்டும். ஆடியிலோ ஆவணியிலோ முதற் பருவம் வரக்கூடும். அதற்கு முன்னரே கருப்பை, சூலகம் நீக்கும் சத்திரசிகிச்சைக்கு மிருக வைத்தியரிடம் நாள் குறித்துவிடல் வேண்டும். “முதல் ஈற்றுக்குப் பின் பார்ப்போம்” என்பவர் முதல் ஈற்றுக் குட்டிகளுக்குப் படலை தேடி அலைவர். ஒருமுறை ஈன்றாற்றான் பெட்டையின் உடல் தேறும் என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை.

“கட்டி வைத்தாற் போதாதா?” என்று வினவுவோர்க்கு ஒன்று சொல்லலாம். மூன்று வார காலம், ஆண்டுக்கு இருமுறை, கதவுகள் அனைத்தையும் எல்லோரும் மறவாது பூட்டுதல் வேண்டும். பாட்டனார் பூப்பறிக்கப் போவார், பால்காரர் வருவார், பள்ளிப்பிள்ளை புத்தகத்தை மறந்து திரும்பி ஓடி வருவான். ஒரு கதவு ஐந்து நிமிடம் திறந்திருந்தாற் போதும். தந்தை, மகள், உடன்பிறப்பு என்னும் முறை நாய்களுக்கில்லை; ஒரே ஈற்றிற் பிறந்த அண்ணனும் தங்கையும் ஒரே வளவில் வளர்ந்தால் அவையே இணையும்.

பொருள் முடையால் இரண்டில் ஒன்றுக்கே சிகிச்சை செய்விக்க இயலுமாயின் பெட்டைக்கே செய்விக்க வேண்டும். வீட்டுக் கடுவனைக் காயடித்துவிட்டால் ஒழுங்கைக் கடுவன்கள் வராதிருக்குமோ? இரண்டுக்கும் செய்விப்பது மேலானது. 1976 இல் அமெரிக்காவில் வளர்ந்த கடுவன்களிடத்து ஆராய்ந்தபோது, காயடித்த பின் ஊர்சுற்றல் பத்தில் ஒன்பதிற் குறைந்தது; பிற கடுவனுடன் சண்டையிடல் பத்தில் ஆறிலும், வீட்டினுள் சிறுநீர் தெளித்தல் பாதியளவிலும் குறைந்தன. காவற் குரைப்பு இதனாற் கெடும் என்று அஞ்சவேண்டியதில்லை. காயடித்த கடுவன் அன்றே மலடாகிவிடுவதில்லை என்பதைமட்டும் அறிந்து கொள்க. முன்னரே ஊறியிருந்த விந்தினால் சில வாரங்கள் வரை அது கருவுறச் செய்யக்கூடும். அவ்வளவும் பருவமான பெட்டையினின்று விலக்கியே வைத்தல் வேண்டும்.

பெட்டையின் நலத்துக்கும் இச்சிகிச்சை உதவுகிறது. சிகிச்சையின்றி முதிரும் பெட்டைகளுக்குப் பருவம் கழிந்த சில வாரங்களிற் கருப்பையிற் சீழ் பிடிக்கும் நோய் வருவதுண்டு. நாய் உணவை வெறுத்து, நீரை மிகுதியாகக் குடித்துச் சோர்ந்து கிடக்கும். காலந் தாழ்த்தினால் உயிர் போகும். சத்திரசிகிச்சைக்குப் பதிலாகக் கருத்தடை ஊசி போடுவிப்போர் அறிய வேண்டியதும் இதுவே: அவ்வூசிகள் இதே நோய்க்கும் முலைக் கட்டிகளுக்கும் இடமளிக்கின்றன. பேரின நாய்களில் மிக இளமையில் சிகிச்சை செய்வதால் மூட்டு நோய்கள் மிகலாம் என 2013 இல் கோல்டன் ரிட்ரீவர் இனத்தில் நடத்திய ஆய்வு காட்டியது. அத்தகைய உயர்சாதி நாய் வளர்ப்போர் காலத்தை வைத்தியருடன் ஆலோசித்துக் குறிக்க. நம் ஊர் நாய்க்கு முதற் பருவத்துக்கு முன் செய்வித்தலே ஏற்றது. பருவம் வந்துவிட்டதாயின் அது கழிந்து இரண்டு மூன்று மாதம் பொறுப்பது வழக்கம். கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நம் பழைய மாணவர்களுக்கு இவ்விடர்ப்பாடு குறைவு. அங்கே காப்பகங்களிலிருந்து பெறும் நாய்கள் பெரும்பாலும் சிகிச்சை முடிந்தே வருகின்றன; ஆகையால் அவர்கள் பொருத்தத்தை மட்டும் நோக்கினாற் போதும்.

கடுவனுக்குக் கடுவன் என்பது நம்மவர் பெரிதும் கொள்ளும் சேர்க்கை. இது ஆகாத ஒன்றன்று. உள்ள கடுவன் சாதுவாயிருந்து, வயது வேற்றுமை ஐந்தாறு ஆண்டாகி, இரண்டும் காயடிக்கப்பட்டனவாயின் நன்றாகவே வாழும். ஒத்த வயதும் ஒத்த பருமனும் ஒத்த முரட்டுத்தனமும் உடைய இரு கடுவன்களே தொல்லைக்குரியன. ஒழுங்கையிற் பெட்டை பருவமாகும் நாட்களில், வேலிக்கு வெளியே போக முடியாத ஆத்திரத்தை அவை தம்முள் தீர்த்துக்கொள்ளும். அந்நாட்களில் இரண்டையும் பிரித்து வைத்துச் சோறு வைப்பது நன்று.

பெட்டைக்குப் பெட்டை என்பதிலேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பருவ நாட்களிலும், அதன்பின் ஆறு எட்டு வாரமளவில் வரும் பொய்ச்சூல் நாட்களிலும் பெட்டையின் மனம் மாறுகிறது. கருவுறாதிருந்தும் மடி பெருத்துப் பால் சுரக்கும். பழஞ்செருப்பையோ பிள்ளையின் பாவையையோ குட்டியென எண்ணி மூலையில் வைத்துக் காக்கும். அம்மூலைப் பக்கம் மற்றப் பெட்டை தற்செயலாகச் சென்றாலும் பாயும். சத்திரசிகிச்சை இக்காரணத்தை நீக்கும். முன்னரே வேரூன்றிய பகையை நீக்கும் என்று உறுதி கூற இயலாது. தாயும் மகளுமாயின் பகை வராது என எண்ணி ஈற்றில் ஒரு பெட்டையை வைத்துக்கொள்வோர், மகள் முதிரும் இரண்டாம் ஆண்டில் விழிப்பாயிருத்தல் வேண்டும். சண்டையின்றி ஆயுள் முழுதும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு வாழும் பெட்டைச் சோடிகளும் பல உள. அவை வைத்தியரிடம் செல்வதில்லையாதலால் ஏட்டில் ஏறுவதில்லை.

இரண்டு நாய்கள், ஒன்று கடுவன் மற்றது பெட்டை, ஏற்கெனவே உள்ள வீட்டில் மூன்றாவது வந்தால் என் செய்வது? எப்பாலைக் கொணர்ந்தாலும் அது ஒன்றுடன் ஒத்த பாலாகவே அமையும். இங்கே பொதுவிதியை நீக்கிவிட்டு, உள்ளவை இரண்டில் எது பொறாமை மிக்கது என்று ஒரு வாரம் உற்று நோக்குக. சோற்றுச் சட்டியருகே உறுமுவது எது? எசமான் மற்றதைத் தடவும்போது இடையிற் புகுவது எது? அந்த நாய்க்கு எதிர்ப்பாலானதையே மூன்றாவதாகக் கொள்க. சாதுவான நாய்க்கு ஒத்த பாலினது வந்தாற் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். இருப்பவை இரண்டும் கடுவனாகி ஒற்றுமையாயிருந்தால், சிகிச்சை செய்யாத பெட்டை ஒன்றை அவற்றின் நடுவே கொணர்வது அந்த ஒற்றுமைக்கு உலை வைப்பதாகும். ஆறு மாதத்தின் பின்னரே அதன் விளைவு தோன்றும்.

பிள்ளைகள் கெஞ்சுகின்றனர் என்று ஒரே ஈற்றில் இரு குட்டிகளை ஒருங்கே கொணர்வதை நான் ஆதரிப்பதில்லை. அவை தம்முள்ளேயே விளையாடித் தம்மையே பற்றி நிற்கும். மனிதர் சொல்லுக்கு இணங்குவது குறையும். இரண்டும் ஒருங்கே முதிர்வதால் போட்டியும் ஒருங்கே எழும். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஓராண்டேனும் இடைவெளி விடுவது நல்லது. அன்றியும், பன்னிரண்டு வயதாகிக் கண் மங்கி மூட்டு நோவோடு கிடக்கும் கிழ நாய்க்குத் துணையென்று துள்ளும் குட்டியைக் கொணர்தல், பாட்டாவின் சாய்மனைக் கதிரையில் பாலர் வகுப்பை நடத்துவது போலாகும். அவ்வீட்டுக்கு எப்பாலும் பொருத்தமன்று.

குட்டியின் பாலைக் கொண்டு வருபவர் சொல்லை நம்பாது தாமே பார்த்தறிதல் வேண்டும். குட்டியை மல்லாக்கப் பிடித்தால், கடுவனுக்குக் கொப்பூழின் சற்றுக் கீழே, வயிற்றின் நடுவில், சிறுநீர் வாயில் தனியே தெரியும். பெட்டைக்கு அது வாலின் கீழ், ஆசனவாயை அடுத்துள்ளது. முலைக்காம்பு இரண்டு பாலுக்கும் உண்டாதலால் அதைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது. விதைகள் இறங்க இரண்டு மாதமளவாகும். அதற்குமுன் அவற்றைத் தேடிக் காணாது “பெட்டை” என்று முடிவு செய்தோரும் உளர். குட்டி தாயோடும் உடன்பிறப்புக்களோடும் எட்டு வாரமேனும் இருந்திருத்தல் நன்று. கடித்தால் நோகும் என்பதைக் குட்டி கற்பது அங்கேதான்.

வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில், பழைய நாயைப் படலைக்கு வெளியே, ஒழுங்கையிலோ அயல் வெறுங்காணியிலோ கொணர்ந்து குட்டியை முகரச் செய்து, இரண்டையும் ஒருங்கே உள்ளே அழைத்துவருவது நன்று. தன் விறாந்தையில் அந்நியனை முதன்முதல் காண்பதிலும், வெளியிற் கண்டவனோடு உள்ளே வருவது நாய்க்கு இலகு. சோற்றுச் சட்டிகள் வேறு வேறாக, ஒன்றையொன்று காணாத இடத்தில் வைக்கப்படல் வேண்டும். ஒன்று குசினிப் பின்புறம், மற்றது மாமரத்தடி. எலும்பைத் தரையில் எறிதலை அறவே விடுக. பழைய நாய்க்கே முதற் சோறும் முதற் தடவலும் கிடைக்கட்டும்.

சண்டை நிகழ்ந்துவிட்டால் கையை இடையில் நீட்டலாகாது. ஒரு வாளி நீரை முகத்தில் வீசுக. இயலாதாயின் சாக்கையோ தடித்த போர்வையையோ மேலே எறிந்து, இருவர் இருபுறம் பின்னங்காலைப் பற்றி இழுத்துப் பிரிக்கலாம். கூக்குரலிடுவது சண்டையை மூட்டும். இடையிற் புகுந்தவருக்குக் கடி பட்டால், தன் வீட்டு நாய்தானே என்று மஞ்சள் அப்பிவிட்டு இராது, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. நீர்வெறுப்பு நோய்க் குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது. இரு நாய்களுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இதற்காகவும்.

இவ்வளவு செய்தும் பகை ஆறாது, மாதத்துக்கு இருமுறை இரத்தக் காயம் என்னும் நிலை வருமாயின், ஒன்றைச் சங்கிலியிற் கட்டியே ஆயுளைக் கழிக்கச் செய்வது கொடுமை. இரண்டில் ஒன்றை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடலே தக்கது. புதிய நாயே பெரும்பாலும் எளிதிற் பழகும். இளமையிற் கொடுத்தால் இன்னும் எளிது. நாயில்லாத வீடாகவோ எதிர்ப்பால் நாய் உள்ள வீடாகவோ பார்த்து, சிகிச்சையும் தடுப்பூசியும் முடித்து, அது படுத்த சாக்கையும் உண்ட சட்டியையும் உடன் கொடுத்தனுப்புக. முதல் இரண்டு இரவும் அந்தச் சாக்கின் மணமே அதற்குத் துணை.